பட்டாவில் சாய்ந்த பகவான்

ரஜனீஷ் (பின்னாளில் ஓஷோ) என்று பேரை எடுத்தால் நம்மூர் டீக்கடையில் இரண்டு விஷயம் உடனே வந்து விழும். ஒன்று, 93 ரோல்ஸ் ராய்ஸ் கார். இன்னொன்று, குரலைத் தாழ்த்திச் சொல்லும் ஆசிரமக் கதைகள். ஓஷோ புத்தகம் நாலு வாசித்தவராக இருந்தால் மூன்றாவதாக, அமெரிக்கா அவருக்கு மெல்லக் கொல்லும் விஷம் கொடுத்தது என்பதையும் சேர்ப்பார். கதைக்கு மூன்றும் நல்ல உப்பும் புளியும்தான். ஆனால் அவருடைய அமெரிக்க ராஜ்ஜியம் நாலே வருஷத்தில் சரிந்ததற்கு இவை எதுவும் முதல் காரணமில்லை என்பது என் கட்சி. விவசாய நிலத்தில் ஊர் கட்டியதுதான் காரணம். அதற்குப் பிறகு நடந்த கள்ளக் கல்யாணம், ஓட்டுச் சேர்ப்பு, ஊருக்கே வயிற்றுப்போக்கு வரவைத்தது, தீ வைப்பு எல்லாமே அந்த ஒரு காகிதச் சிக்கலைச் சமாளிக்கப் போய் விளைந்தவை.

குமரி மாவட்டத்துக்காரருக்கு இது மற்றவரைவிடச் சீக்கிரம் பிடிபடும். வயலில் முதலில் வாழை, அப்புறம் தென்னை, அப்புறம் மண்ணடிப்பு, அப்புறம் வீடு என்று நஞ்சை நிலம் படிப்படியாக மனையாவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். வழிபாட்டுத்தலம் கட்ட கலெக்டரின் முன் அனுமதி வேண்டும் என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். 1982 மண்டைக்காடு கலவரமும் அதை விசாரித்த வேணுகோபால் கமிஷனும் இங்கே இன்னும் பழைய கதையாகிவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டில் நாற்பது பேர் கூடி ஜெபித்தால் அது வீடா, சபையா என்று மனு எழுதுகிற மாவட்டம் இது. அதே 1982-ல் உலகத்தின் மறுகோடியில், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து வாஸ்கோ கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி), இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அளவுதான் பெரிது.

ஆளை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பிறந்தது 1931 டிசம்பர் 11, மத்தியப் பிரதேசத்தில் குச்வாடா என்ற கிராமம். வீட்டுப் பேர் சந்திர மோகன் ஜெயின். சாகர் பல்கலைக்கழகத்தில் தத்துவம் முதுகலை. ஜபல்பூரில் விரிவுரையாளர். 1966-ல் வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகப் பேசப் போனார். காந்தியையும் சோஷலிசத்தையும் ஒருசேர வம்புக்கிழுத்ததால் கூட்டமும் வந்தது, எதிர்ப்பும் வந்தது. 1970-ல் மும்பையில் தங்கி சீடர்களுக்குத் தீட்சை கொடுக்க ஆரம்பித்தார். 1971-ல் ‘பகவான்’ சேர்ந்தது. 1974-ல் புனே, கோரேகாவ் பார்க். வெள்ளைக்காரச் சீடர்கள் பெருகியது அங்கேதான். சிகிச்சைக் குழுக்களுக்கான கட்டணம்தான் பெரிய வரும்படி. அந்தச் சங்கதிகளை நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்.

யாரும் அதிகம் எழுதாத ஒரு வரி இருக்கிறது. எழுபதுகளின் கடைசியில் புனே இடம் போதாமல், சீடர்கள் எல்லாரும் கூடி வாழும் பெரிய கம்யூன் ஒன்றுக்கு நிலம் தேடினார்கள். நிலப் பயன்பாட்டு அனுமதி கிடைக்கவில்லை. மொரார்ஜி தேசாய் அரசு ஆசிரமத்தின் வரிவிலக்கையும் பின்தேதியிட்டு ரத்து செய்தது. பாக்கி பல கோடியாக ஏறியது. ஆசிரமத்துக்குப் போகிறேன் என்று எழுதிய வெளிநாட்டவருக்கு விசாவும் நின்றது. 1980-ல் ஒருவர் அவர்மேல் கத்தி வீசினார். ஆக நிலம், வரி, விசா என்ற மூன்று முடிச்சும் இந்தியாவிலேயே விழுந்துவிட்டன. அமெரிக்காவில் இந்த மூன்றும் இருக்காது என்று யார் அவர்களுக்குச் சொன்னார்களோ, அவர்களைத்தான் முதலில் பிடித்திருக்க வேண்டும்.

1981 ஜூன் 1. ரஜனீஷ் அமெரிக்கா போகிறார். காட்டிய காரணம் முதுகு வலிக்கு வைத்தியம். அதற்கு இரண்டு மாதம் முன்பே, ஏப்ரலில், பொதுப் பேச்சை நிறுத்தி மௌனம் பூண்டுவிட்டார். புதிய செயலாளர் மா ஆனந்த் ஷீலா; பரோடாக்காரி, அப்போது 31 வயது. ஜூலையில் ஓரிகன் மாநிலத்தில் ‘பிக் மடி’ என்ற கால்நடைப் பண்ணையை 57 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு வாங்கினார். பரப்பு 64,229 ஏக்கர். சென்ட் கணக்கில் பேசுகிற நமக்கு இது 64 லட்சம் சென்ட். ஏறக்குறைய 260 சதுர கிலோமீட்டர். குமரி மாவட்டம் முழுவதையும் விரித்துப் போட்டு அதில் ஆறில் ஒரு பங்கை ஒரே பிரமாணத்தில் எழுதி வாங்கியது போல. ஆனால் மண் வேறு. நமக்குப் பெய்கிற மழையில் கால் பங்குதான் அங்கே. மாடு மேய்ந்து மேய்ந்து பொட்டலாகிப்போன குன்றுகள். பண்ணைவீடு ஒன்றிரண்டு. ஆகஸ்ட் 29 அன்று பகவான் அங்கே குடியேறினார்.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது விலையோ மண்ணோ மட்டுமல்ல, வகைப்பாடும்தான். ஓரிகன் 1973-ல் ஒரு நிலப் பயன்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது. அந்த நாட்டிலேயே கடுமையானவற்றில் ஒன்று. விவசாயம் என்று குறித்த நிலத்தில் விவசாய வேலைக்குத் தேவையான வீடு கட்டலாம். அச்சகம், அலுவலகம், கடை, ஹோட்டல் எல்லாம் நகர எல்லைக்குள்தான். பகவானின் இயக்கமோ ஓடுவதே அச்சகத்தாலும் அலுவலகத்தாலும். புத்தகம், ஒலிநாடா, முகாம் பதிவு, நன்கொடை ரசீது. இவற்றுக்கு இடமில்லாத நிலத்தை வாங்கிவிட்டார்கள்.

முதல் தப்பு இது. இரண்டாவது தப்பு, சொன்னது ஒன்றும் செய்தது ஒன்றும். அக்கம்பக்கத்தில் ‘சின்ன விவசாயக் கம்யூன்தான்’ என்றார்கள். பண்ணைக்கு இத்தனை வேலையாள் என்று கணக்கெழுதிக் கொடுத்து, அந்தக் கணக்கில் லாரியில் வந்து இறங்கும் ஆயத்த வீடுகளை வைத்தார்கள். தலை கூடக் கூட வேலையாள் கணக்கும் கூடியது. பின்னால் 88,000 சதுர அடியில் எழுந்த தியான மண்டபம், காகிதத்தில் செடி வளர்க்கும் பசுமைக்குடில்! நம்மூரில் மாட்டுத் தொழுவம் என்று அனுமதி வாங்கி மேலே மாடி எடுப்பவர்கள் இதைப் படித்தால் கொஞ்சம் நெஞ்சு நிமிர்த்தக்கூடும்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த மண்ணில் அவர்கள் செய்த வேலை சாதாரணமல்ல. ஓடைகளில் தடுப்பணை கட்டி அரிப்பை நிறுத்தினார்கள். 45 ஏக்கரில் ஒரு நீர்த்தேக்கம். நம் கணக்கில் சுமாரான பெரிய குளம். அதற்கு, குருவே வேண்டாம் என்று சொன்ன ஜே. கிருஷ்ணமூர்த்தியின் பேரை வைத்தார்கள், குறும்பு இல்லாமல் இருக்காது. காய்கறித் தோட்டம், பால்பண்ணை, விமான ஓடுபாதை, எண்பதுக்கு மேல் பஸ், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு. நிரந்தரமாக இரண்டாயிரம் பேர் அளவில், ஜூலைத் திருவிழாவுக்குப் பதினைந்தாயிரம் வரை. இத்தனையும் எப்படி நடந்தது? சம்பளம் கிடையாது. வேலைக்கு ‘வழிபாடு’ என்று பேர். இலாகாவுக்கு ‘கோயில்’ என்று பேர். தினம் பன்னிரண்டு மணி நேரம், வாரம் ஏழு நாள். வேலை என்றால் கூலி கேட்கலாம், நேரம் கேட்கலாம். வழிபாட்டுக்கு எந்தத் தொழிற்சங்கம் வரும்? பேரை மாற்றுவதுதான் எல்லாப் பிரிவுகளிலும் நடக்கும் முதல் தொழில்நுட்பம். அங்கே அதைச் சுத்தமாகச் செய்தார்கள்.

வகைப்பாட்டுச் சிக்கலுக்கு இரண்டு வழி இருந்தது. பண்ணைக்குள் தாங்களே ஒரு நகரத்தை அமைப்பது. அல்லது ஏற்கெனவே நகரமாக இருக்கும் ஓர் ஊரைப் பிடிப்பது. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தார்கள்.

நகரம் அமைக்க 150 பேர் குடியிருக்க வேண்டும், கவுண்டி நிர்வாகம் வாக்கெடுப்புக்குச் சம்மதிக்க வேண்டும். வாஸ்கோ கவுண்டியை நடத்துவது மூன்று பேர் கொண்ட குழு. 1981 நவம்பரில் இரண்டுக்கு ஒன்று என்று சம்மதித்தார்கள். 1982 மே மாதம் பண்ணைவாசிகளே ஓட்டுப் போட்டு ரஜனீஷ்புரம் பிறந்தது. மேயர், நகரசபை, திட்டக்குழு, சொந்தப் போலீஸ். போலீசுக்கு ‘அமைதிப் படை’ என்று பேர். ஆனால் ‘ஓரிகனின் ஆயிரம் நண்பர்கள்’ என்ற நிலப் பாதுகாப்பு அமைப்பு உடனே வழக்குப் போட்டது: விவசாய நிலத்தில் நகரம் அமைக்க கவுண்டி அனுமதித்ததே செல்லாது என்று. அந்த வழக்கு ஒவ்வொரு படியாக ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. நகரமே செல்லாது என்றால் அந்த நகரம் கொடுத்த கட்டட அனுமதி ஒன்றும் செல்லாது. கட்டிய ஒவ்வொரு சுவரும் இடிப்பு நோட்டீசுக்குக் காத்திருக்கும் சுவர்.

அதனால்தான் ஆன்டிலோப் என்ற சிற்றூர் மேல் கண் விழுந்தது. பண்ணையிலிருந்து முப்பது கிலோமீட்டர் தூரம். ஜனத்தொகை நாற்பது சொச்சம், பெரும்பாலும் ஓய்வுபெற்ற பெரியவர்கள். அங்கே அச்சகத்துக்கு அனுமதி கேட்டார்கள்; ஊர் மறுத்தது. வீடுகளை வாங்கி ஆட்களைக் குடியேற்றினார்கள். ஊர்க்காரர்கள் பதறி, ஊருக்கு நகர அந்தஸ்தே வேண்டாம், கலைத்துவிடலாம் என்று 1982 ஏப்ரலில் வாக்கெடுப்பு வைத்தார்கள். 55-க்கு 42 என்று தோற்றார்கள். வந்தேறியவர்களின் ஓட்டுதான் கூடுதல். அந்த வருஷக் கடைசியில் நகரசபை கைமாறியது. ஊரின் ஒரே சாப்பாட்டுக்கடை ‘ஜோர்பா தி புத்தா’ ஆனது. 1984-ல் ஊரின் பேரே ‘ரஜனீஷ்’ ஆனது.

சட்டப்படி ஒவ்வொரு அடியும் சரி. ஊர்ப்படி அத்தனையும் தப்பு. மறுத்தவன் பஞ்சாயத்தை விலைக்கு வாங்குவது என்பது சட்டப் புத்தகத்தில் குற்றமில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த வட்டாரத்தில் எந்த அலுவலகத்திலும், எந்தப் பெட்டிக்கடையிலும் உங்களுக்கு ஒரு நல்ல வார்த்தை மிஞ்சாது. அச்சகம் ஒன்று வைக்க, மாநிலம் முழுவதையும் எதிரியாக்கிக்கொண்டார்கள்.

1983 அக்டோபரில் மாநில அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல் டேவ் ஃப்ரோன்மேயர் இன்னொரு பக்கம் வந்து அடித்தார். ரஜனீஷ்புரத்தில் நிலம் முழுக்க இயக்கத்தின் நிறுவனங்களுக்குச் சொந்தம். யார் குடியிருக்கலாம் என்பதும் அவர்கள் இஷ்டம். அப்படியென்றால் நகராட்சியும் மதமும் ஒன்றுதான். அதற்கு அரசுப் பணம் போவது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றார். இந்த அடிக்கு இயக்கமே கைப்பிடி செய்து கொடுத்திருந்தது என்பதுதான் வேடிக்கை. பகவான் சுற்றுலா விசாவில் வந்தவர். நிரந்தரமாகத் தங்க மதத் தலைவர் என்று நிரூபிக்க வேண்டும். அதற்கு மதம் வேண்டும். வாழ்நாளெல்லாம் மத அமைப்புகளைக் கிண்டல் செய்தவரின் பேரில் ‘ரஜனீஷிசம்’ என்று ஒரு மதம், அதற்கொரு புத்தகம், 1983-ல் அச்சாகி வந்தது. மௌனத்தில் இருப்பவர் எப்படிப் போதகர் ஆவார் என்று குடியேற்றத் துறை 1982 டிசம்பரிலேயே மனுவைத் தள்ளியிருந்தது. 1984-ல்தான் மதத் தலைவர் என்ற வகையை ஒப்புக்கொண்டது. விசாவுக்கு ‘நாங்கள் மதம்’ என்று சொல்ல வேண்டும். நகராட்சிக்கு ‘நாங்கள் மதமில்லை’ என்று சொல்ல வேண்டும். இரண்டையும் ஒரே வாயால் சொல்ல வேண்டும். வெளிநாட்டுச் சீடர்களுக்கோ வேறு வழி: அமெரிக்கச் சீடர்களோடு காகிதக் கல்யாணம். நூற்றுக்கணக்கில் நடந்தது. கடைசியில் ஆளைப் பிடித்தது அந்த வலைதான்.

இங்கே நிர்வாக அமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் அழுகல் அங்கேதான். 1981 ஏப்ரல் முதல் 1984 அக்டோபர் வரை பகவான் பொதுவில் பேசவில்லை. அவரிடமிருந்து வெளியே வரும் எல்லா உத்தரவும் ஒரே குழாய் வழியாக: மாலையில் ஷீலா போய்ப் பார்ப்பார், வந்து ‘பகவான் சொன்னார்’ என்பார். மத்தியானம் இரண்டு மணி வாக்கில் ரோல்ஸ் ராய்ஸ் மெதுவாக வரும், சாலையோரம் நின்று கும்பிடலாம். அவ்வளவுதான் தரிசனம். ஷீலா சொல்வது உண்மையா என்று சரிபார்க்க எந்த வழியும் இல்லை. கேட்டால் சரணாகதி போதவில்லை என்று அர்த்தம். 1983 ஜூலையில் போர்ட்லாண்டில் இருந்த ரஜனீஷ் ஹோட்டலில் வெளியாள் ஒருவன் குண்டு வைத்தான். அதன் பிறகு துப்பாக்கிகள் வந்தன. பிறகு தொலைபேசிகளிலும் அறைகளிலும் ஒட்டுக்கேட்புக் கருவிகள், பகவானின் சொந்த அறை உட்பட.

இதை எழுதும்போது சாமிதோப்பு நினைவுக்கு வராமல் போகாது; ஒப்பிட்டால் சிலருக்கு வருத்தம் வரலாம், பரவாயில்லை. அங்கிருந்து அய்யாவழி நெறியைத் தொடங்கிய வைகுண்டரையும் திருவிதாங்கூர் அரசு பிடித்துச் சிறையில் போட்டது. வெளியே வந்த பிறகு கடலோரத்தில் வாகைப்பதியில் 700 குடும்பங்கள் கூடித் துவையல் தவசு இருந்தன என்பது அய்யாவழி மரபு. அதுவும் கம்யூன்தான். ஆனால் தவசு முடிந்து அவரவர் ஊருக்குத் திரும்பினார்கள். ஊர் ஊராக நிழல்தாங்கல் என்ற சிறு வழிபாட்டிடம் எழுந்தது. காணிக்கை கூடாது என்பது போதனை. 1851-ல் அவர் மறைந்தபோது, பிடுங்குவதற்கு ஒற்றைப் பெரிய நிலமும் இல்லை, அடைப்பதற்கு ஒற்றைக் குழாயும் இல்லை. போதனையின் உயர்வு தாழ்வு வேறு பேச்சு. நான் சொல்வது கட்டமைப்பை.

ஓரிகனுக்குத் திரும்புவோம். 1984-ல் வழக்குகள் நெருக்கின. கவுண்டிக் குழுவில் மூன்று இடம். நவம்பரில் இரண்டுக்குத் தேர்தல். இரண்டையும் பிடித்தால் அனுமதி கொடுக்கும் பேனாவே தங்கள் கையில். ஆனால் கவுண்டியின் ஜனத்தொகை இருபதாயிரத்துக்கு மேல். இரண்டாயிரம் பேரை வைத்துக்கொண்டு எப்படி? கணக்கை இரண்டு பக்கமும் திருத்தப் பார்த்தார்கள். தங்கள் பக்கம் கூட்டுவது, எதிர்ப்பக்கம் கழிப்பது.

கூட்டுவதற்கு: ஓரிகனில் 20 நாள் குடியிருந்தால் ஓட்டு. நியூயார்க் முதல் பெரிய நகரங்களின் தெருக்களில் வீடில்லாமல் கிடந்தவர்களை, சில ஆயிரம் பேரை, பஸ் பஸ்ஸாக ஏற்றி வந்தார்கள். ‘வீட்டைப் பகிர்வோம்’ என்று பேர். சோறும் உடுப்பும் பீரும் கொடுத்தார்கள். பலருக்கு மனநோய் இருந்தது, சண்டை வந்தது. பீரில் மயக்க மருந்து கலந்தார்கள். அக்டோபரில் கவுண்டித் தேர்தல் அதிகாரி நிலைமையைப் பார்த்து, புதிய வாக்காளர் பதிவு எல்லாவற்றையும் நிறுத்தி, ஒவ்வொருவரையும் நேரில் விசாரிக்கப்போவதாக அறிவித்தார். திட்டம் அந்த நிமிஷமே செத்தது. ஓட்டில்லாத விருந்தாளிகளை அக்கம்பக்க ஊர்களில் இறக்கிவிட்டுப் போனார்கள். அவர்களை வீடு சேர்க்கப் பஸ் டிக்கெட் எடுத்துக் கொடுத்து அலைந்தது இரட்சணிய சேனை. நாகர்கோவிலில் காத்தரின் பூத் ஆஸ்பத்திரி நடத்துகிற அதே சேனை.

கழிப்பதற்கு: எதிராக ஓட்டுப் போடுபவர்கள் தேர்தலன்று படுக்கையில் கிடக்க வேண்டும். ஆகஸ்ட் 29 அன்று பண்ணையைப் பார்வையிட வந்த இரண்டு கவுண்டிக் குழு உறுப்பினர்களுக்கு, டயர் பஞ்சராகி வெயிலில் நிற்கும்போது, பண்ணை ஆட்கள் தண்ணீர் கொடுத்தார்கள். இருவரும் நோயில் விழுந்தார்கள். ஒருவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். செப்டம்பரில் கவுண்டித் தலைநகர் தி டேல்ஸில் ஒத்திகை. பத்மநாபபுரம் நகராட்சியில் பாதி அளவுதான் ஊர். ஹோட்டல்களில் நாமே எடுத்துப் போட்டுக்கொள்ளும் பச்சைக்காய்த் தட்டுகளிலும் சட்னி மாதிரியான ஊற்றுகளிலும் வயிற்றுப்போக்கு வரவைக்கும் சால்மோனெல்லா கிருமியைக் கலந்தார்கள். பத்து உணவகம். 751 பேருக்கு நோய். 45 பேர் ஆஸ்பத்திரியில். யாரும் சாகவில்லை என்பது அதிர்ஷ்டம், வேறொன்றுமில்லை.

இது ஏன் உடனே பிடிபடவில்லை என்பதில்தான் தொழில் விஷயம் இருக்கிறது. உணவு நச்சு என்றால் சுகாதாரத் துறை தேடுவது பொதுவான ஒரு மூலத்தை: ஒரே கோழிக்கடை, ஒரே பால், ஒரே குடிநீர். இங்கே பத்துக் கடைக்கும் பொதுவான மூலம் ஒன்றுமில்லை. நோய் இரண்டு அலையாக வந்தது, செப்டம்பர் 9 முதல் ஒன்று, 19 முதல் இன்னொன்று. சமையல்காரர்களுக்கும் நோய் இருந்தது. ஆகவே கைகழுவாத பணியாளர்களால் பரவியிருக்கலாம் என்று எழுதி முடித்தார்கள். வேண்டுமென்றே ஒருவர் கலப்பார் என்பது அந்த விசாரணைப் படிவத்தில் ஒரு கட்டமாகவே இல்லை. ஜிம் வீவர் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் மட்டும் 1985 பிப்ரவரியில் சபையில் எழுந்து இது கலப்படம்தான் என்றார். வன்மம் பிடித்தவர் என்று அவருக்குப் பேர் கிடைத்தது.

1985 ஜனவரியில் வாஸ்கோ கவுண்டியில் ஓர் அலுவலகம் தீப்பிடித்தது. எந்த அலுவலகம் என்று கவனியுங்கள்: நிலத் திட்ட அலுவலகம். கோர்ட்டும் இல்லை, போலீஸ் ஸ்டேஷனும் இல்லை. ரஜனீஷ்புரத்தின் அனுமதிக் கோப்புகள் கிடந்த இடம். அவர்களுக்கு எது உறுத்தியது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

பகவான் மௌனம் கலைத்ததும் ஒற்றைக் குழாயில் விரிசல் விழுந்தது. ஹாலிவுட் பணக்காரச் சீடர்கள் நேரடியாக அவரை நெருங்கினார்கள். அவருடைய வைத்தியர் தேவராஜுக்கு 1985 ஜூலைத் திருவிழாவில் ஷீலாவின் ஆட்கள் விஷ ஊசி போட்டார்கள், பிழைத்தார். மத்திய அரசு வழக்கறிஞர் ஒருவரைக் கொல்லவும் திட்டம் ஓடியது. செப்டம்பர் நடுவில் ஷீலா கூட்டாளிகளோடு ஐரோப்பாவுக்குப் பறந்தார். செப்டம்பர் 16 அன்று பகவான் பத்திரிகையாளர்களைக் கூட்டி, விஷம், தீ வைப்பு, ஒட்டுக்கேட்பு அத்தனையும் ஷீலா கும்பலின் வேலை, அவர்கள் பாசிஸ்டுகள் என்று கொட்டினார். போலீசே வந்து விசாரிக்கட்டும் என்றார். செப்டம்பர் 30 அன்று ரஜனீஷிசம் முடிந்தது என்று அறிவித்து, அந்த மதப் புத்தகத்தின் 5,000 பிரதிகளையும் ஷீலாவின் அங்கியையும் எரித்தார்கள்.

அதுதான் அவர் செய்த கடைசிப் பெரிய தப்புக் கணக்கு. நாலு வருஷமாக வாசலில் நின்ற அரசாங்கத்துக்கு அவரே கதவைத் திறந்துவிட்டார். உள்ளே வந்தவர்கள் மருத்துவக் கூடத்தில் சால்மோனெல்லா குப்பியை எடுத்தார்கள்; தி டேல்ஸ் நோயாளிகளிடம் கிடைத்த வகையோடு அது ஒத்துப்போனது. கோப்புகளையும் பார்த்தார்கள். அக்டோபர் 23 அன்று மூடி முத்திரையிட்ட குற்றப்பத்திரிகை தயாரானது. அதில் விஷம் இல்லை, கொலை முயற்சி இல்லை. பகவான் பேருக்கு நேராக இருந்தது குடியேற்றக் குற்றம்தான்: நிரந்தரமாகத் தங்கும் நோக்கத்தை மறைத்தது, கள்ளக் கல்யாணங்களுக்குச் சதி.

சில நாளில் இரண்டு வாடகை ஜெட்டில் பெர்முடா நோக்கிக் கிளம்பினார். எரிபொருள் நிரப்ப வட கரோலினாவில் ஷார்லட்டில் இறங்கியபோது விலங்கு. விமானத்தில் 58,000 டாலர் ரொக்கமும், பத்து லட்சம் டாலர் மதிப்புள்ள 35 கைக்கடிகாரம், காப்பு வகைகளும் இருந்தன. அங்கிருந்து ஓரிகனுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவே பத்து நாள் ஆக்கினார்கள். வேண்டுமென்றே இழுத்தார்கள் என்று சீடர்கள் சொல்வதும், அந்த நாட்களில்தான் விஷம் என்று அவர் பின்னால் சொன்னதும் இந்த இடைவெளியைப் பற்றித்தான். நவம்பர் 14 அன்று, குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே தண்டனையை ஏற்கும் ஆல்ஃபோர்டு முறையில் இரண்டு குற்றச்சாட்டுக்கு இணங்கினார். பத்து வருஷம் நிறுத்திவைத்த சிறை, 4 லட்சம் டாலர் அபராதம், உடனே நாட்டை விட்டு வெளியேறுதல். ஷீலாவை ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்தார்கள். 20 வருஷத் தண்டனையில் 29 மாதம் இருந்துவிட்டு 1988-ல் வெளியே வந்தார். பிறகு சுவிட்சர்லாந்தில் முதியோர், நோயாளிகளுக்கான இல்லம் நடத்தினார்.

‘பகவானுக்குத் தெரியுமா, தெரியாதா’ என்று இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். ஷீலா ஒன்று சொல்வார், சீடர்கள் ஒன்று சொல்வார்கள். விஷம் கலந்ததில் அவர்மேல் வழக்கே போடவில்லை என்பது உண்மை. ஆனால் ஒற்றைக் குழாய் வைத்தது அவர். அதன் வாயில் யாரை உட்கார வைப்பது என்று தீர்மானித்ததும் அவர். தெரிந்து செய்தாரா என்பதைவிட, தெரியாமல் இருப்பதற்கு வசதி செய்துகொண்டாரா என்று கேட்பது எனக்குச் சரியாகப் படுகிறது.

பிறகு ஊர் ஊராகத் தட்டினார். கிரீஸ் அனுப்பியது. இருபத்தோரு நாடுகள் கதவடைத்தன. 1986 ஜூலையில் மும்பை, 1987 ஜனவரியில் அதே பழைய புனே. 1989-ல் ‘ஓஷோ’ ஆனார். 1990 ஜனவரி 19 அன்று 58 வயதில் காலமானார். இன்று நம்மூர்ப் புத்தகக் கடையில் அடுக்கியிருப்பது அந்தக் கடைசிப் பேரில்.

ஆன்டிலோப்பில் மிச்சமிருந்தவர்கள், பழைய ஊர்க்காரர்களும் சீடர்களும் சேர்ந்து, 1985 நவம்பரில் 34-க்குப் பூஜ்யம் என்று ஓட்டுப் போட்டுப் பழைய பேரை மீட்டார்கள். கார்களை டெக்சாஸ் வியாபாரி ஒருவர் மொத்தமாக வாங்கிப் போனார். பண்ணை கைமாறி 1996-ல் ஒரு கிறிஸ்தவ இளைஞர் இயக்கத்துக்கு நன்கொடையானது. பசுமைக்குடிலாகப் பிறந்து தியான மண்டபமாக வளர்ந்த கட்டடத்தில் இப்போது பிள்ளைகள் கூடைப்பந்து ஆடுகிறார்கள்.

அந்த நில வழக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. 1987-ல் ஓரிகன் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: ரஜனீஷ்புரத்தை அமைக்க 1981-ல் கவுண்டி கொடுத்த சம்மதம் செல்லும். தீர்ப்பு நகலைப் பெற்றுக்கொள்ள அந்த ஊரில் ஆள் இல்லை.